பயிற்சி அளித்தவர் கையொப்பம்

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. நானும் அந்தத் தொழிலில் இருப்பவன்தான். பொறியியல் கல்லூரியில் ஒளியியல் நடத்துகிறவன். அரியலூரில் குடியிருந்துகொண்டு, தினமும் காலையில் சிமெண்ட் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் நெரிந்து பெரம்பலூர்ப் பக்கம் போய் இறங்குகிறவன். சட்டைக் காலரில் படிந்த தூசியைத் தட்டிவிட்டுத்தான் முதல் வகுப்புக்குள் நுழைவேன். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு. அதனால் வெளியே நின்று கல்லெறிகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எங்கள் வளாகத்தில் ஒரே சுற்றுச்சுவருக்குள் மூன்று கல்லூரிகள். பொறியியல், பல் மருத்துவம், பி.எட். மூன்றுக்கும் தாளாளர் ஒருவரே. ஒருநாள் எல்லாரையும் கூட்டி, "கமிட்டி வருது" என்றார். கமிட்டி என்றால் கல்லூரிகளைப் பார்வையிட்டுத் தரம் போடுகிற குழு. அது வருகிறது என்றால் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், ஆராய்ச்சியும் செய்வார்கள்.

"மூணு காலேஜும் சேந்து ஒரே ஆராய்ச்சி பண்ணணும். அப்படிப் பண்ணா தனி மார்க்காம்" என்றார் தாளாளர்.

"என்ன தலைப்புங்க?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"தலைப்ப நீங்க பாத்துக்கங்க. மூணு காலேஜ் பேரும் இருக்கணும், அவ்ளோதான்."

பெண் யார், மாப்பிள்ளை யார் என்று தெரியாமலே மண்டபம் பிடித்த கதைதான். ஆனால் கெட்ட நேரம், என்னிடம் ஒரு பொருள் இருந்தது. அது ஆராய்ச்சிக்காகச் செய்ததில்லை. என் ஆய்வுக்கூடத்து உதவியாளர் அம்மாவுக்காகச் செய்தது.

அந்த அம்மாவுக்குக் கல்லங்குறிச்சி. வீட்டுக்காரர் எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறார். அந்த அம்மா பத்தாவது வரை படித்தவர். என் லென்ஸ்களையும் லேசர்களையும் எங்கள் முதுகலை மாணவர்களைவிட ஒழுங்காக எடுத்து வைப்பவர். அவருக்கு மாதக்கணக்கில் பல்வலி. வலது பக்கத்தில் எதையாவது மென்றால் சுருக்கென்று ஏறும், விட்டால் போய்விடும். எக்ஸ்ரே எடுத்தால் ஒன்றும் தெரியவில்லை. பார்த்த இடத்திலெல்லாம், "பல்லு நல்லாத்தாம்மா இருக்கு" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

"இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல்லு ரெண்டையும் முன்னாடியே ஒரு கேம்ப்ல புடுங்கிட்டாங்க சார். இந்தப் பக்கம் கீழ ரெண்டுதான் மிச்சம். இதும் போச்சுன்னா நான் காலத்துக்கும் கஞ்சிதான் குடிக்கணும்" என்றார் அந்த அம்மா ஒருநாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் மதியச் சாப்பாட்டில் சோற்றைப் பிசைந்து பிசைந்து கூழாக்கி விழுங்குவதை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்குப் பல்லைப் பற்றித் தெரியாது. கண்ணாடியில் விரிசல் பார்க்கத் தெரியும். பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சினால் நல்ல கண்ணாடி முழுக்க ஒளிரும். விரிசல் இருந்தால் வெளிச்சம் அந்த இடத்தோடு நின்றுவிடும், மறுபாதி இருட்டாகக் கிடக்கும். பல்லுக்கும் அதே கதைதானே என்று, ஒரு சின்ன டார்ச்சின் முனையில் ஒளியிழைத் துண்டு ஒன்றை மாட்டி, பேனா மாதிரி ஒரு விளக்கு செய்தேன். பல் மருத்துவர்களிடம் இந்த மாதிரி விளக்கு எப்போதிலிருந்தோ உண்டு என்று பிறகு தெரிந்தது. எங்கள் வளாகத்துப் பல் கல்லூரியில் இல்லை, அவ்வளவுதான்.

விளக்கை எடுத்துக்கொண்டு பல் கல்லூரித் துறைத்தலைவியிடம் இருவரும் போனோம். டாக்டரம்மா கெட்டிக்காரர், கை சுத்தமான வேலைக்காரர். அதை நான் மறைக்க மாட்டேன். வலது கீழ்ப் பற்களில் ஒவ்வொன்றாக விளக்கை வைத்தார். கடைசிப் பல்லில் வைத்ததும் பாதிப் பல் இருண்டது. அதற்கு முந்தின பல்லின் மேல் கறுப்பாக ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது, பார்த்தால் அதுதான் விரிசல் என்று தோன்றும். அதில் விளக்கை வைத்தால் பல் முழுக்கப் பளிச்சென்றிருந்தது.

"பாத்தீங்களா, இந்தக் கோடு வெறும் டீக்கறை. வெடிப்பு கடைசிப் பல்லுலதான்" என்றார் டாக்டரம்மா. பிறகு அந்த அம்மாவின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து அவரையும் பார்க்க வைத்தார். "எடுக்க வேண்டாம்மா. கேப் போட்டுட்டா இன்னும் பல வருஷம் ஓடும். வர்ற வாரம் வாங்க."

அந்த வர்ற வாரத்தில்தான் தாளாளர் கூட்டம் போட்டார். விளக்கைப் பற்றி யாரோ ஊதிவிட்டார்கள். அன்று சாயங்காலத்துக்குள் தலைப்பு பிறந்துவிட்டது. விளக்கு என்னுடையது, பல் டாக்டரம்மாவுடையது. அந்த விளக்கால் ஹவுஸ் சர்ஜன்களுக்கு, அதாவது படிப்பு முடித்துப் பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்களுக்கு, கறையையும் வெடிப்பையும் பிரித்தறியக் கற்றுக்கொடுப்பது பி.எட். பேராசிரியருடையது.

பி.எட். பேராசிரியரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கற்பித்தல் முறைகளில் அவர் எழுதிய கட்டுரைகளுக்குக் கணக்கே கிடையாது. வகுப்பு எடுத்து யாரும் பார்த்ததும் கிடையாது. அவருடைய ஆராய்ச்சி எல்லாம் ஒரே அச்சு. பயிற்சிக்கு முன் ஒரு தேர்வு, பயிற்சிக்குப் பின் ஒரு தேர்வு. பின்னதில் மதிப்பெண் கூடியிருக்கும். ஆகவே முறை சிறந்தது. ஒருமுறையாவது குறைந்ததுண்டா என்று கேட்டேன். "அது எப்படி சார் குறையும்?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

சும்மா சொல்லக்கூடாது, வினாத்தாளை டாக்டரம்மா நன்றாகவே தயாரித்தார். பயிற்சிக்கு ஒரு நாள் குறித்தோம். அன்று தாளாளரின் பிறந்தநாள், அன்னதானம். அடுத்துக் குறித்த நாளில் ஹவுஸ் சர்ஜன்கள் பாதிப்பேரை ஏதோ முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது நாளில் மண்டபத்துக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். இதற்கிடையில் கமிட்டி வரும் தேதி முன்னால் வந்துவிட்டது. டாக்டரம்மா ராத்திரி பகலாகக் கோப்புகளுக்குள் கிடந்தார். உதவியாளர் அம்மாவின் கேப்பும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போனது. கோப்புகளுக்கு நடுவே டாக்டரம்மா ஒரு சீட்டை மட்டும் எழுதி அந்த அம்மா கையில் கொடுத்திருந்தார்.

"கமிட்டி போகட்டும் சார், டாக்டரம்மா பாவம், அலையுறாங்க" என்று அந்த அம்மாவே டாக்டரம்மாவுக்காகப் பரிந்து பேசினார்.

ஒரு மதியம் பி.எட். கல்லூரிப் பக்கம் போனேன். கருத்தரங்க அறையில் நீள மேசைகளைப் போட்டு, மூன்று கல்லூரி உதவியாளர்கள், நூலகக்காரர், ஆபீஸ் பெண்கள், பஸ் டிரைவர்கள்கூட இரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். என் உதவியாளர் அம்மாவும் அங்கே இருந்தார். நடுவில் ஒரு டப்பா நிறைய நீலம், கறுப்பு என்று விதவிதமான பேனாக்கள். எழுதிக்கொண்டிருந்தது எங்கள் விடைத்தாள்களை. நடக்காத பயிற்சிக்கு முன்னால் எழுதிய தேர்வு ஒரு கட்டு, நடக்காத பயிற்சிக்குப் பின்னால் எழுதிய தேர்வு ஒரு கட்டு. கருத்துப் படிவம் தனிக் கட்டு.

பேராசிரியர் மேற்பார்வை பார்த்துக்கொண்டு நடந்தார். வாழ்நாளில் அன்றுதான் அவர் உருப்படியாக ஒரு வகுப்பு நடத்தினார் என்று நினைக்கிறேன். அவ்வளவு தெளிவு.

"எல்லாத்துக்கும் 'மிக நன்று' போடாதீங்க. நடுவுல ரெண்டு மூணு 'பரவாயில்லை' போடுங்க, அப்பதான் நம்புவாங்க. முதல் பரீட்சையில பாதி தப்பா எழுதணும். ஒரே மாதிரித் தப்பு எழுதக்கூடாது. ரெண்டாவது பரீட்சையில விடைக்குறிப்பப் பாத்து எழுதுங்க, ஒண்ணு ரெண்டு மட்டும் விட்டுருங்க. ஏம்ப்பா டிரைவரு, டாக்டர் கையெழுத்து இவ்ளோ அழகாவா இருக்கும்? கிறுக்குப்பா!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அது பெரிய பாவமாகத் தோன்றவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் வேலை பார்க்கும் எவருக்கும் இந்த மேசை புதிதில்லை. மாணவர் கருத்துப் படிவமா, வகுப்பறைப் பதிவேடா, எல்லாம் இப்படித்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கூடி உட்கார்ந்து, குடும்பக்கதை பேசிக்கொண்டே, பயறு உடைப்பதைப் போல முடித்துவிடுவோம்.

பேராசிரியர் ஒரு தாளை என் முன்னால் நீட்டினார். மேற்கண்ட அனைவருக்கும் விளக்கைப் பயன்படுத்த நேரடிப் பயிற்சி அளிக்கப்பட்டது என்ற சான்றிதழ். கீழே 'பயிற்சி அளித்தவர்' என்று கோடு போட்டிருந்தது.

"இன்னும் குடுக்கலையே சார்" என்றேன்.

"அடுத்த வாரம் குடுத்துடலாம் சார். தேதி மட்டும் முன்னாடி இருக்கட்டும். இதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டிதானே?"

போட்டேன். கமிட்டி முடிந்ததும் பயிற்சி கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரமும் வந்தது, அதற்கடுத்த வாரமும் வந்தது.

கமிட்டி வந்தது. மாலை, குத்துவிளக்கு, பரதநாட்டியம். என் விளக்கைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் துணிமேல் வைத்திருந்தார்கள், நகைக்கடை மோதிரம் மாதிரி. கமிட்டியில் வந்த பெரியவர் ஒருவர் அதைக் குனிந்து பார்த்து, "இதால எத்தன பேர் பயனடைஞ்சிருக்காங்க?" என்று கேட்டார். பேராசிரியர் கோப்பை நீட்டினார். பெரியவர் எடையை மட்டும் பார்த்துத் தலையாட்டினார். விளக்கை ஏற்றிக் காட்டச் சொல்லி ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சாயங்காலம் அவர்களை ரஞ்சன்குடி கோட்டைக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அந்தக் கையோடு டாக்டரம்மாவும் பேராசிரியரும் எங்கள் கட்டுரையை வாசிக்க வெளிமாநிலத்தில் நடந்த மாநாட்டுக்கு ரயில் ஏறினார்கள். விளக்கு காட்சிக்கு வைத்த பெட்டியிலேயே இருந்தது. சாவி டாக்டரம்மாவின் கைப்பையோடு போய்விட்டது.

அவர்கள் போன மறுநாள் உதவியாளர் அம்மாவுக்கு வலி தாங்க முடியவில்லை. முகத்தைத் துணியால் கட்டிக்கொண்டு வந்தார். நான் தேர்வுப் பணிக்காக வெளியே கிளம்பிக்கொண்டிருந்தேன். "பல் காலேஜ் ஓ.பி.ல போயி காட்டுங்கம்மா. டாக்டரம்மா எழுதிக் குடுத்த சீட்டு இருக்குல்ல" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன். கூடப் போயிருக்கலாம். போகவில்லை.

மறுநாள் காலை வந்ததும் அந்த அம்மா என் மேசைமேல் ஒரு மருந்துச் சீட்டு மடிப்பை வைத்தார். பிரித்தால் உள்ளே ஒரு பல். வேரோடு, முழுசாக.

"எடுத்துட்டாங்க சார். ஆனா வலி அதே எடத்துல இருக்கு" என்றார். பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்ததால் சொல் பாதிதான் வந்தது.

பல்லின் மேல் கறுப்பாக ஒரு கோடு ஓடியது. ஆய்வுக்கூடத்தில் விளக்கா இல்லை? அந்தப் பேனாதான் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. வேறொரு ஒளியிழையை எடுத்துப் பல்லின் பக்கவாட்டில் வைத்தேன். பல் முழுக்க ஒளிர்ந்தது. ஒரு மூலைகூட இருட்டில்லை. அறுபது வயது வரைக்கும் உழைத்திருக்க வேண்டிய நல்ல பல்.

"'இது இல்லங்க, இதுக்குப் பின்னாடி பல்லு'ன்னு சொன்னேன் சார். 'வலி அப்படித்தாம்மா பரவும், வெடிப்பு இங்கதான் கண்ணுக்கே தெரியுதே'ன்னு சொன்னாங்க. வெடிப்பு ஆழமா இருக்கு, எடுத்தாத்தான் வலி நிக்கும்னாங்க. வாய் மரத்துப்போச்சா, அதுக்கப்புறம் என்னத்தச் சொல்றது?"

எனக்கு வந்த கோபத்தில் படியில் நடந்தேனா பறந்தேனா தெரியாது. பல் கல்லூரிக்குப் போய், முந்தின நாள் யார் பணியில் இருந்தது என்று கத்தினேன். ஹவுஸ் சர்ஜன் பெண் ஒருத்தி எழுந்து வந்தாள். என் மாணவிகள் வயதுதான். டாக்டரம்மாவின் சீட்டு அவள் மேசையில் இருந்தது. 'வலது கீழ், வெடிப்பு' என்று எழுதியிருந்தது. எந்தப் பல் என்ற எண் இல்லை. கமிட்டி அவசரத்தில் எழுதிய சீட்டு. இந்தப் பெண் வாயைத் திறந்து பார்த்திருக்கிறாள், ஒரு கோடு தெரிந்திருக்கிறது, அதுதான் வெடிப்பு என்று முடிவு கட்டிவிட்டாள். அவளுக்கு மேற்பார்வையாக இருந்த மருத்துவரும் தூரத்திலிருந்தே சரியென்று சொல்லியிருக்கிறார்.

"கண்ணு எங்கம்மா வச்சிருந்த? கறைக்கும் வெடிப்புக்கும் வித்தியாசம் தெரியாமலா கையில குறடு எடுத்த? பயிற்சி குடுத்தமே, பட்டியல்ல உன் பேரு இருக்கே!" என்று அங்கே அலமாரியில் இருந்த கமிட்டிக் கோப்பைப் பிரித்து அவள் முன்னால் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் நான் பயிற்சி கொடுத்ததாகவே நம்பிவிட்டேன். காகிதத்துக்கு அவ்வளவு சக்தி இருக்கிறது.

அவள் பட்டியலைப் பார்த்தாள். தன் பெயரைப் பார்த்தாள். பக்கத்தில் முதல் தேர்வில் ஏழு, இரண்டாம் தேர்வில் பத்தொன்பது என்று இருந்தது.

"நான் எந்தப் பரீட்சையும் எழுதல சார்" என்றாள். "அந்த லைட்டக்கூட நான் பெட்டிக்குள்ளதான் சார் பாத்திருக்கேன். யாராச்சும் ஒரு தடவ காட்டியிருந்தா…"

பட்டியலின் அடியில் என் கையெழுத்து இருந்தது. கோப்பை மூடி வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

டாக்டரம்மா திரும்பியபோது கையில் ஒரு கேடயம் இருந்தது, சிறந்த கட்டுரைக்காக. பல்லை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். "நம்பர் போடாம விட்டுட்டேனே" என்று மட்டும் சொன்னார். அன்று சாயங்காலமே அந்த அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கடைசிப் பல்லுக்குத் தன் கையாலேயே வைத்தியத்தைத் தொடங்கி, சில நாளில் கேப்பும் போட்டு முடித்தார். அந்தப் பல் பிழைத்துக்கொண்டது. நடுவில் ஓட்டை, ஓரத்தில் ஒற்றைப் பல். கீழ்த்தாடையில் மெல்லுவதற்கு அந்த அம்மாவுக்கு அது ஒன்றுதான்.

கட்டுரையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி எங்கள் முதல்வருக்குக் கடிதம் எழுதினேன். கூப்பிட்டு விட்டார்.

"ஏன் சார் இப்ப போயி? உங்க பேர எடுத்தா மூணு காலேஜ்ங்கறது ரெண்டு ஆயிடும். கமிட்டி மார்க் போடுறப்ப சிக்கலாயிடும்" என்றார்.

"ஒரு பொம்பளைக்கு நல்ல பல்லப் புடுங்கியிருக்கோம் சார்."

"அது ட்ரீட்மெண்ட்ல நடந்த தப்பு. இது ஆராய்ச்சி. ரெண்டையும் ஏன் குழப்பிக்கறீங்க?"

கடிதத்தை மடித்து என் சட்டைப்பையிலேயே செருகிவிட்டார். பேராசிரியரோ, இரண்டாம் பாகம் எழுதலாமா என்று கேட்டு ஆளனுப்பினார். அவரை நான் திட்டிய திட்டு இங்கே அச்சில் வராது.

இரண்டு நாள் கழித்து மத்தியானம், ஆய்வுக்கூடத்தில் அந்த அம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது என்று தோன்றியது. எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. அதுக்கு யாரும் சொல்லித்தரல. சொல்லித்தந்ததாக் கையெழுத்துப் போட்டது நான்தான்" என்றேன்.

அந்த அம்மா பிசைவதை நிறுத்தவில்லை.

"தெரியும் சார். அன்னிக்கு மேசையில நானும்தான இருந்தேன்" என்றார். "அந்தப் பொண்ணோட பேப்பர் என் கட்டுலதான் வந்துச்சு. எம்பொண்ணு பேருதான் அதுக்கும். அதனாலதான் ஞாபகமிருக்கு. மத்ததெல்லாம் விடையப் பாத்து எழுதுனேன், அத மட்டும் கேள்வியப் படிச்சு நானே யோசிச்சு எழுதுனேன்."

ஒரு கவளத்தை எடுத்து வலது பக்கம் ஒதுக்கி, மெதுவாக மென்று விழுங்கினார். பிறகு சொன்னார்:

"கடைசிக் கேள்வியில ரெண்டு பல்லு படம் போட்டு, எது வெடிப்பு, எது கறைன்னு கேட்டிருந்தாங்க. நான் சரியாத்தான் சார் எழுதுனேன்."